ஆவணிக்கு முன் சொல்லியாக வேண்டுமா?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 26 வயது. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. வாரநாட்களில் விடுதியிலும் சனி ஞாயிறுகளில் வீட்டிலும் இருப்பேன். அப்பா விவசாயம் செய்கிறார். அக்காவை மயிலாடுதுறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார்.

கல்லூரியில் உடன் படித்த ஒரு பையனை இரண்டு ஆண்டுகள் காதலித்தேன். அது தானாக முடிந்துபோனது. பிறகு விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் எனக்கு இருந்தது வெறும் நட்பில்லை என்று புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆயிற்று. அவளும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். இன்று என் வாழ்க்கையில் யாரும் இல்லை. நான் இருபாலீர்ப்பு உள்ளவள் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். ஒரே ஒரு தோழியிடம் சொன்னேன். "அப்படின்னா என்னையும் அப்படித்தான் பார்த்தியா?" என்று கேட்டாள். பிறகு, "நீதான் பையனையும் லவ் பண்ணினியே, இது கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றாள். இப்போது அவள் முன்போலப் பேசுவதில்லை.

வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் இடம் அமைந்தால் ஆவணியில் முடித்துவிடலாம் என்கிறார்கள். சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆண்களையும் பிடிக்கும் என்கிறபோது எதற்காகச் சொல்லி அம்மாவை அழவைக்க வேண்டும் என்று இன்னொரு மனம் கேட்கிறது. சொல்லாமல் ஒருவரைக் கட்டிக்கொண்டால் அவரை ஏமாற்றியதாகுமா? யாரிடம் முதலில், எப்போது சொல்வது? இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு, மூன்றாம் முறையாக அனுப்புகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாம் முறை எழுதியதை அழிக்காமல் அனுப்பிவைத்ததற்கு முதலில் என் நன்றி. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எப்போது சொல்வது என்ற ஒரே கேள்வியாக அது தோன்றினாலும், உள்ளே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இந்த ஆவணியில் உங்களுக்குக் கல்யாணம் வேண்டுமா என்பது ஒன்று. நீங்கள் இருபாலீர்ப்பு உள்ளவர் என்பதை வீட்டாருக்கு எப்போது தெரிவிப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆவணி என்ற கெடு இருக்கிறது. இரண்டாவதற்கு எந்தக் கெடுவும் கிடையாது. முதலாவதன் அவசரம் இரண்டாவதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதுதான் இன்று உங்களைத் திணறவைக்கிறது என்று நினைக்கிறேன்.

கல்யாணப் பேச்சை நிறுத்துவதற்கான கருவியாக இந்த உண்மையைப் பயன்படுத்தாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பெண்கள்மேல் மட்டும் ஈர்ப்புள்ள ஒரு பெண் தன் அம்மாவிடம் அதைச் சொன்னால், அந்த அம்மா எவ்வளவுதான் அழுதாலும், மாப்பிள்ளை தேடுவதில் பொருளில்லை என்பதாவது அவருக்கு என்றேனும் ஒரு நாள் விளங்கும். உங்கள் அம்மாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிமிடமே, "ஆம்பளைப் பிள்ளையையும் பிடிக்கும்னுதானே சொல்றே, அப்ப ஒரு நல்ல பையனாப் பார்த்துக் கட்டிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முன்னால் நீங்கள் வாயடைத்துப் போவீர்கள், அல்லது ஆண்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். அந்தப் பொய்யைச் சொன்னவர்கள் உளவியலாளரான என்னிடம் வந்திருக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு ஓர் ஆணிடம் உண்மையாகவே காதல் வந்தபோது, "அன்னிக்குச் சொன்னதெல்லாம் கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கத்தானே" என்று வீடு அவர்களை மடக்கியது. அதன் பிறகு தாங்கள் யார் என்பதைப் பற்றி அவர்கள் சொன்ன எதையும் அந்த வீடு நம்பவில்லை.

ஆகவே கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதை அதற்குரிய காரணத்தாலேயே கேளுங்கள். மனம் தயாராகவில்லை என்பது முழுமையான காரணம், உண்மையான காரணமும்கூட. வேறு சாக்கு எதையும் தேடாதீர்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு பரிகாரம் தயாராக இருக்கும். பயமாக இருக்கிறது, தடையாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த வாரமே உங்களைத் திருமணஞ்சேரிக்கு மாலையோடு அழைத்துப் போவார்கள். அம்மா வழியாகச் சொல்லியனுப்பாமல் அப்பாவிடம் நேராகவே பேசுங்கள். "அடுத்த தை வரைக்கும் எனக்கு அவகாசம் வேண்டும், அதுவரை என்னைக் கேட்காமல் யாரையும் பெண் பார்க்க வரச் சொல்லாதீர்கள், ஜாதகத்தையும் வெளியே கொடுக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். பணம் அனுப்பும் அண்ணனின் சொல்லுக்கு வீட்டில் எடை இருக்குமானால், அப்பாவிடம் பேசும் முன்பே அவரிடம் தொலைபேசியில் இந்த ஒன்றை மட்டும் கேட்டு அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் இருபாலீர்ப்பு என்ற சொல்லே வர வேண்டியதில்லை. வராததால் நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிட மாட்டீர்கள்.

உங்கள் தோழி சொன்ன "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்ற சொல் உங்கள் மனத்தில் முள்ளாகத் தைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. பையனைக் காதலித்ததும் உண்மை, பெண்ணைக் காதலித்ததும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை. மனித ஈர்ப்பு இரண்டே பெட்டிகளில் அடங்குவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி 1948ஆம் ஆண்டிலேயே பூச்சியம் முதல் ஆறு வரையிலான ஓர் அளவுகோலாக எழுதிக் காட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இருபாலீர்ப்பு உள்ளவர்கள் வெளியே சொல்லத் தயங்குவது உங்கள் ஒருவருடைய கோழைத்தனம் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2013இல் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், தமக்கு முக்கியமானவர்களில் எல்லோருக்கும் அல்லது பெரும்பாலோருக்குத் தம்மைப் பற்றித் தெரியும் என்று சொன்னவர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்களில் 77 விழுக்காடு, பெண்களில் 71 விழுக்காடு. இருபாலீர்ப்பு உள்ளவர்களிலோ 28 விழுக்காட்டினர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். அவ்வளவு வெளிப்படையாகப் பேசும் ஒரு நாட்டிலேயே நிலைமை அதுவென்றால், தெருவின் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும் ஓர் ஊரில் உங்களுக்கு வரும் தயக்கத்தில் வியப்பில்லை.

அப்படியானால் எப்போது சொல்வது? எதிரில் இருப்பவர் "முடியாது, இதை நான் ஏற்கமாட்டேன்" என்று சொன்னாலும், அன்றிரவு நீங்கள் எங்கே படுப்பீர்கள், மறுநாள் எப்படி வேலைக்குப் போவீர்கள், யாரிடம் போய் அழுவீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும்போது சொல்லலாம். அந்தப் பதில் இல்லாதவரை காத்திருப்பதே அறிவுடைமை. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பணியின் தொடக்க ஆண்டுகளில், மறைத்து வாழ்வதன் சுமையை மட்டுமே பார்த்து, ஓர் இளைஞரை விரைவில் வீட்டில் சொல்லிவிடும்படி ஊக்கப்படுத்தினேன். அவர் சொன்னார். அன்று மாலையே அவருடைய கைப்பேசி பிடுங்கப்பட்டது. வெளியூர் வேலைக்குத் திரும்ப விடாமல் நான்கு மாதங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அவருடைய படிப்புச் சான்றிதழ்கள் அனைத்தும் அப்பாவின் பீரோவில் இருந்தன. சுமையை இறக்கிவைப்பதற்கு முன்னால் அதை எந்த இடத்தில் இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதை அவருடைய நான்கு மாதங்களை விலையாகக் கொடுத்துத்தான் நான் கற்றேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

எனவே பேச்சைத் தொடங்கும் நாளுக்கு வெகுமுன்பே அமைதியாகச் சில வேலைகளை முடியுங்கள். அம்மாவின் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கும் உங்கள் மதிப்பெண் சான்றிதழ்களையும் பட்டச் சான்றிதழையும், அலுவலகத்தில் சரிபார்க்கக் கேட்கிறார்கள் என்று நாடகமாடாமல், "என்னிடமே இருக்கட்டும்" என்று சொல்லி விடுதிக்கு எடுத்துச் செல்லுங்கள். சம்பளம் வரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா, அதனோடு இணைந்திருப்பது உங்கள் கைப்பேசி எண்தானா என்று பாருங்கள். மூன்று மாத விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதிய தொகை அந்தக் கணக்கில் இருக்கட்டும். வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி கைப்பேசி கிடக்கும் பழக்கம் இருந்தால் அதற்கு ஒரு பூட்டுப் போடுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததை வாட்ஸ்அப் செய்தி ஒன்று உங்களுக்கு முன்பே சொல்லிவிடக் கூடாது. உங்கள் பெற்றோரைச் சந்தேகிப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பத்தில் எட்டு வீடுகளில் இவை எதற்கும் வேலை இல்லாமலே போகலாம். மழை வராது என்று தெரிந்தாலும் களத்தில் நெல்லைக் கொட்டும்போது பக்கத்தில் தார்ப்பாயை வைத்துக்கொள்ளும் அப்பாவின் மகள் நீங்கள்.

முதலில் யாரிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள் என்றாலும் அவரிடம் தொடங்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்யாணமாகி வேறு வீட்டில் இருப்பவர் என்பதால் உங்கள் வாழ்க்கைமேல் அவருக்கு நேரடி அதிகாரம் இல்லை. அம்மாவின் மொழியோ அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அத்தானிடம் எதையும் மறைக்காதவர் என்றால், அத்தானுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு முன் ஆழம் பார்க்க வேண்டும். செய்தியில் வந்த ஒரு தீர்ப்பைப் பற்றியோ, தெரிந்த வேறு யாரையோ பற்றியோ பேச்சோடு பேச்சாக எடுத்துவிட்டு, அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அண்ணனிடமும் அப்படியே செய்யலாம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்த சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் நீக்கியபோது அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அண்ணனுக்கு அதில் ஒரு கருத்து இருக்கும், அது என்ன என்று தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும்.

தோழியைப் பற்றியும் ஒரு சொல். "என்னையும் அப்படித்தான் பார்த்தியா?" என்ற கேள்வியை அவமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டும் பழகிய நாட்களையெல்லாம் அவர் ஒரு நொடியில் திருப்பிப் பார்த்துப் பயந்திருக்கிறார். ஆண்களைக் காதலிக்கும் பெண் எதிரில் வரும் ஆண்கள் எல்லோரையும் காதலிப்பதில்லை என்பது அவருக்கே தெரியும். அதையே உங்களுக்கும் பொருத்திப் பார்க்க அவருக்கு நேரமாகிறது. "இல்லை, நீ எனக்குத் தோழிதான், அன்றைக்கும் இன்றைக்கும்" என்று ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டாலும், அவரிடம் மேலும் விளக்கிச் சொல்லிக்கொண்டே இருக்கும் கடமை உங்களுக்கு இல்லை. வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குப் பிறகு அம்மா. அவரிடம் சொல்வதற்குக் காலம் பார்ப்பதில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. கல்யாணப் பேச்சு ஆடியில் தானாகவே ஓய்ந்துவிடும். தரகர் வரமாட்டார், ஜாதகப் பரிமாற்றம் இருக்காது. அந்த ஒரு மாதத்தில் சொல்லப்படும் எதுவும் ஒரு குறிப்பிட்ட மாப்பிள்ளையை வேண்டாமென்பதற்காகச் சொன்னதாகத் தோன்றாது. பதினெட்டாம் பெருக்குக்கு அக்கா பிள்ளைகளோடு வருவார் என்றால், படித்துறைக்குப் போய்வந்து, சித்திரான்னம் சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாவும் அக்காவும் நீங்களுமாக இருக்கும் ஒரு பின்மதியம் கிடைக்கக்கூடும். இந்த ஆடியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் ஆடி வரும். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தும் வாய்க்காலில் வந்து சேரவில்லையே என்று அப்பா பொழுதெல்லாம் மதகடியில் நின்றுவிட்டு வரும் நாட்களிலும், அறுவடை நேரத்தில் மழை மிரட்டும் நாட்களிலும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதும், கோபச்சண்டையின் நடுவிலும் மட்டும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் சொன்னால் ஞாயிறு மாலை விடுதிக்குத் திரும்பும் பேருந்து இருக்கிறது. அந்த இடைவெளி உங்களுக்கு மட்டுமில்லாமல் அம்மாவுக்கும் தேவைப்படும்.

என்ன சொற்களில் சொல்வது என்பதை மக்கள் அதிகம் யோசிப்பதில்லை. அது மிக முக்கியம். இருபாலீர்ப்பு என்ற சொல் நல்ல சொல், ஆனால் அம்மாவுக்கு அது ஒரு நோயின் பெயர்போல ஒலிக்கலாம். "எனக்குப் பெண்களையும் பிடிக்கும்" என்று சொன்னால், "எனக்கும்தான் எதிர்வீட்டுக்காரியைப் பிடிக்கும்" என்று அவர் கள்ளமில்லாமல் சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருப்பார். தமிழில் "பிடிக்கும்" என்பது அவ்வளவு அகலமான சொல். என்னிடம் வந்த ஒரு பெண் பல நாட்கள் யோசித்துக் கண்டுபிடித்த வாக்கியத்தை, அவருடைய அனுமதியோடு பலருக்கும் சொல்லிவருகிறேன்: "அம்மா, ஒரு பையன்மேல ஆசைப்பட்டு இவரைத்தான் கட்டிக்கணும்னு தோணும் இல்லையா, அந்த மாதிரி எனக்குச் சில பேர்கிட்ட தோணியிருக்கு. அதுல ஆம்பளையும் உண்டு, பொண்ணும் உண்டு." இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். விடுதித் தோழியின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அம்மாவின் கோபம் முழுவதும் அந்தப் பெண்மேல் திரும்பும், அவள் தன் வீட்டில் சொல்லியிருக்கிறாளா என்பதும் நமக்குத் தெரியாது. "கட்டிக்க வேண்டியதுதானே" என்ற கேள்வி வரும்போது, "கட்டிக்கிட்டாலும் கட்டிக்குவேன், அது எனக்கு யார்மேல மனசு வருதுங்கிறதைப் பொறுத்தது, இப்போ நான் சொல்றது கல்யாணத்தைப் பத்தி இல்லை" என்று பதில் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை முன்பே தனியாக முடித்து வைத்திருந்தால் மட்டுமே இந்தப் பதில் எடுபடும்.

சொன்ன பிறகு நடப்பதை நினைத்துத்தான் பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். ஹாஸ்டலில் விட்டது தப்பு என்பார் அம்மா. யார் கண் பட்டதோ என்பார். சிலர் சில வாரங்கள் பேசாமலே இருந்துவிடுவார்கள். இவற்றையெல்லாம் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உங்களைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு நீங்கள் கொடுக்கப்போவது ஒரு பின்மதியம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து பெற்றோருக்கு அஞ்சி வெளியேறிய இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன்னுடைய புரிதல் போதாது என்று திறந்த மனத்தோடு ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். அம்மாவுக்கும் அப்படி யாரேனும் தேவைப்படுவார்கள்.

ஏனென்றால் நீங்கள் சொல்லும் நொடியிலிருந்து அம்மாவும் ஓர் இரகசியத்தைச் சுமப்பவராகிவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் அறைக்குத் தனியாக வந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி அது தூளாகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, "எம்பொண்ணு எங்கிட்ட சொல்லி அழுதுட்டா. நான் யாருகிட்ட சொல்லி அழுவேன்?" என்றார். மகள் சொன்னதை அவர் வெறுக்கவில்லை. புருஷனிடம் சொன்னால் மகளுக்கு ஆபத்து, அக்கா தங்கையிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும் என்ற இரண்டு பயங்களுக்கு நடுவில் ஆறு வாரங்களாகத் தூங்காமல் இருந்தார். உங்கள் அம்மா அப்படித் தனியாகக் கிடக்காமலிருக்கத்தான் அக்காவிடம் முன்பே சொல்லிவைக்கச் சொல்கிறேன். அம்மா யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அக்கா இருப்பார். அப்பாவிடம் எப்போது, யார் சொல்வது என்பதை அதன்பின் நீங்கள் மூவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அதுவரை சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனநலம் வேண்டி மக்கள் போகும் குணசீலத்துக்குப் போய்வரலாம் என்றோ, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளலாம் என்றோ அவர் சொல்லலாம். அம்மாவின் மன நிம்மதிக்காகக் கோயிலுக்குக் கூடப் போய்வருவதில் தவறில்லை, உங்களுக்கு விருப்பம் இருந்தால். மாற்றிக்காட்டுகிறேன் என்று சொல்லும் மந்திரவாதியிடமோ மருத்துவரிடமோ மட்டும் ஒருபோதும் உட்காராதீர்கள். அப்படி மாற்றும் சிகிச்சை எதுவும் கிடையாது. மேற்சொன்ன 2021ஆம் ஆண்டு உத்தரவு அத்தகைய முயற்சிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. என்னைப் போன்றவர்களிடம் நீங்கள் சொல்வதை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, யாருக்கேனும் ஆபத்து வரக்கூடும் என்பது போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் பெற்றோரிடம்கூட நாங்கள் சொல்லக் கூடாது.

இனி, நீங்கள் மிகவும் தயங்கிக் கேட்டிருக்கும் கேள்வி. சொல்லாமல் ஓர் ஆணைக் கட்டிக்கொண்டால் அது ஏமாற்றுவதாகுமா? அவரை மனம் விரும்பிக் கட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணம் உண்மையான கல்யாணம். இருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் இருவர் வேண்டும் என்பது தவறான எண்ணம். உண்மையாக இருப்பதும் இல்லாததும் ஒருவருடைய குணத்தைப் பொறுத்தது. எனவே கடந்துபோன காதல்களைக் கணக்கு ஒப்படைப்பதுபோல ஒப்படைக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. ஆயினும், நிச்சயதார்த்தத்துக்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதை அவருக்காக மட்டும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஒரு செய்தி வரும்போதும், அவர் நண்பர்கள் யாரையோ கேலி செய்யும்போதும், பழைய தோழியின் திருமண அழைப்பு வரும்போதும் முகத்தைக் காத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை, அப்படி இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்க, "தனியாப் பேசிட்டு வாங்க" என்று கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவைக்கும் பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியது இல்லை இது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அவர் வீட்டில் சொன்னால் தரகருக்குத் தெரியும், தரகருக்குத் தெரிந்தால் கும்பகோணம் முதல் மன்னார்குடி வரை தெரியும். இந்த இடம் சரிப்பட்டு வரலாம் என்று தோன்றினால், பதில் சொல்ல ஒரு மாதம் கேட்டுக்கொண்டு பலமுறை பேசுங்கள். மற்றவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார், ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் அவிழ்க்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் ஏறக்குறைய சரி என்று முடிவெடுத்த பிறகு, இரு வீடும் பூ வைக்கும் முன் சொல்லுங்கள். அவர் வேண்டாமென்றால் வேறு காரணம் சொல்லி விலகிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் அந்த நாகரிகத்தைக் காப்பார்கள், ஒருவர் காக்காமலும் போகலாம். உங்கள் அம்மா இந்தச் செய்தியை ஒரு தரகரின் வாயால் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது. அதனால், வீட்டார் பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரிடம் சொல்லும் நிலைக்கு வந்தீர்கள் என்றால், அவருக்கு முன் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெடு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு கெடு உண்டென்றால் அது இந்த ஒன்றுதான், அதையும் எப்போது வரவைப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

நாளை உங்கள் மனம் ஒரு பெண்ணிடம் போனால் என்னவாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மனமொத்த, வயதுவந்த ஒரே பாலினத்தவர் இருவரின் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட இருவரின் திருமணத்தைப் பதிவு செய்யும் உரிமையை 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் வழங்க மறுத்தது. ஆனால் சேர்ந்து வாழ யாரும் தடை சொல்ல முடியாது. 2025 மே மாதம், வீட்டாரால் தடுத்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண் ஒருவரை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பம் அமைப்பதற்கான வழி ஆகாது என்று எழுதியது. உங்களையும் யாரும் வீட்டில் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படி நடக்குமானால் பெண்களுக்கான 181 என்ற எண்ணை அழையுங்கள். தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். மனம் தாங்காத இரவில், விடுதியில் யாரையும் எழுப்ப மனமில்லாதபோது, 14416 என்ற டெலிமனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் அவகாசம் கேட்கும் பேச்சை வரும் ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் இப்போது அவசரம். மற்றவற்றுக்கு இந்த ஆடியோ அடுத்த ஆடியோ, உங்களுக்கு எப்போது கால் ஊன்றியிருக்கிறதோ அப்போது. உங்களை யாரும் அடையாளம் காணாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியே வெளியிட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்ன பிறகு அவருக்குக் கேள்விகள் இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் இதே அக்கறையோடு பதில் எழுதுவேன்.

அன்புடன்,
மருத்துவ உளவியலாளர், தஞ்சாவூர்